அத்தியாயம் 9: பிரித்து மாட்டிய பிறகு ஒழுகும் கார்புரேட்டர்

பிரிப்பதற்கு முன் ஒரு சொட்டுகூட ஒழுகாத கார்புரேட்டர், புது கிட் போட்டு, கழுவித் துடைத்து மாட்டிய அன்றே ஒழுகத் தொடங்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய எரிச்சல். கிட் போலி என்று முடிவு கட்டிவிட்டு இன்னொரு கிட் தேடிக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் கிட் மேல் பிழை இருக்காது. ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் படிந்து உட்கார்ந்திருந்த பாகங்களை நாம் அசைத்துவிட்டோம். கார்க் வளையம் தன் தடத்தை விட்டு நகர்ந்திருக்கும். ஃப்ளோட்டின் கரம் நூலளவு வளைந்திருக்கும். பெட்ரோல் குழாயின் உட்சுவரில் ஒட்டிக் கிடந்த துரு உதிர்ந்து வந்து வால்வின் வாயில் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பெட்ரோல் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தாக வேண்டும். ஈரம் தெரியும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மாரிஸ் மைனர் 1000. இங்கிலாந்தில் 1956இல் வந்து 1971 வரை தயாரான இந்த வண்டி, இலங்கையின் தெருக்களில் இன்றும் ஓடுகிறது. தமிழ்நாட்டிலும் பழங்கார் பிரியர்கள் சிலர் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். 948 சிசி எஞ்சினில் இருப்பது எஸ்.யு. எச்2 கார்புரேட்டர். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது எச்எஸ்2 வந்தது. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒழுகும் விதம் வேறு. உங்கள் வண்டியில் எது என்று தெரியாவிட்டால் அடியில் பாருங்கள். ஃப்ளோட் கிண்ணத்தின் அடியிலிருந்து ஜெட்டுக்கு ஒரு மெல்லிய நைலான் குழாய் வளைந்து போனால் எச்எஸ். குழாய் இல்லாமல் கிண்ணத்தின் கையே நேராகக் கார்புரேட்டர் உடலில் போல்ட் போட்டு இணைந்திருந்தால் எச். ஆஸ்டின், எம்.ஜி. போன்ற வண்டிகளில் எஸ்.யு. வைத்திருப்பவர்களும் இங்கே சொல்வதை அப்படியே பின்பற்றலாம். அளவுகளை மட்டும் தங்கள் வண்டியின் பட்டறைக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தீ

மைனரின் எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்புரேட்டரிலிருந்து விழும் சொட்டு, நேராகக் கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழும் அமைப்பு இது. எனவே சூடான எஞ்சினில் ஒழுகலைத் தேடாதீர்கள். முழுக்க ஆறட்டும். பவுடர் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் வாளி இதற்கு உதவாது, எரியும் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். வெளிச்சத்துக்கு டார்ச் போதும். வயரில் தொங்கும் பல்பு உடைந்தால் அதுவே போதும் தீப்பிடிக்க.

பாகம் கழற்றும்போதெல்லாம் பாட்டரியைத் துண்டித்துவிடுங்கள். இந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த் கொண்டவை. எர்த் என்றால் நெகட்டிவ் என்று பழகிய கை தானாக அந்தப் பக்கம் போகும். யாராவது இடையில் மாற்றியும் இருக்கலாம். பாட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் வயர் எது என்று கண்ணால் பார்த்துக் கழற்றுங்கள்.

பம்பைக் கேளுங்கள்

எஸ்.யு. மின்சார பம்ப் உள்ள வண்டியில் ஒழுகலைக் கண்டுபிடிக்க ஒரு கருவி ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது. அது பம்பின் சத்தம். சாவியைத் திருப்பியதும் டக் டக் டக் என்று வேகமாகத் தட்டும். கிண்ணம் நிரம்பி, நீடில் வால்வு மூடியதும் வேகம் குறைந்து நின்றுவிடும். எஞ்சின் ஓடாதபோதும் அது நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தால், பெட்ரோல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது அல்லது டாங்க் பக்கக் குழாயில் காற்று நுழைகிறது என்று பொருள். பம்பின் உள்வால்வு பழுதானாலும் இடைவிட்டு இடைவிட்டுத் தட்டும்.

சோதனைக்காகச் சாவியை வெகுநேரம் ஆனில் வைத்தால் இக்னிஷன் காயில் சூடேறிக் கெட்டுப்போகும். அதனால் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரை முதலில் கழற்றி, நுனியில் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். பிறகு கார்புரேட்டரைப் பழைய பனியன் துணியால் நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். ஒழுகக்கூடும் என்று சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும், ஆனால் பவுடரில் அதன் தடம் நிற்கும். அடியில் வெள்ளைக் காகிதம் விரித்துக்கொள்ளுங்கள். இப்போது சாவியைப் போட்டு, பம்ப் நிற்கும்வரை பார்த்திருந்து, சாவியை அணைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள்.

இந்த இரண்டாவது பார்வையில்தான் பாதி விடை இருக்கிறது. மைனரின் டாங்க் பின்னால், தாழ்வாக இருக்கிறது. பம்ப் நின்றால் புதிதாக பெட்ரோல் வராது. புல்லட் மோட்டார் சைக்கிளைப் போல மேலிருந்து தானாக இறங்கி வரும் வழி இதில் இல்லை. எனவே பம்ப் ஓடும்போது மட்டும் ஒழுகி, அணைத்ததும் சில நொடிகளில் நின்றுவிட்டால், ஓட்டை கிண்ணத்தின் பெட்ரோல் மட்டத்துக்கு மேலே இருக்கிறது அல்லது பம்புக்கும் கிண்ணத்துக்கும் இடையே இருக்கிறது. அணைத்த பிறகும் கிண்ணம் காலியாகும்வரை சொட்டிக்கொண்டே இருந்தால், ஓட்டை மட்டத்துக்குக் கீழே: ஜெட், அதன் கார்க்குகள், கிண்ணத்தின் போல்ட், நைலான் குழாய் என்ற நான்கில் ஒன்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் கேஸ்கெட் மாற்றுகிறவர்கள் மூடியை நாலு முறை கழற்றி மாட்டுவார்கள், அடியில் சொட்டுவது நிற்காது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. வெயில் நாளில் நீண்ட தூரம் ஓட்டி நிறுத்திய பிறகு, ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து சில சொட்டுகள் விழும். பெட்ரோல் வாடை தூக்கும். எஞ்சினின் சூடு ஏறி கிண்ணத்துப் பெட்ரோல் கொதிப்பதால் வருவது அது. ஆறிய பிறகு சோதித்தால் எதுவும் ஒழுகாது. அதற்காகக் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டியதில்லை.

மேலே ஒழுகினால்: நீடில் வால்வும் ஃப்ளோட்டும்

ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் பெட்ரோல் வருகிறது என்றால் கிண்ணத்தின் மூடி கேஸ்கெட்டைக் குறை சொல்லாதீர்கள். நிரம்பி வழியும் குடத்தின் விளிம்பை அடைத்து என்ன பயன்? குழாயை மூடாமல் விட்டது யார் என்று பார்க்க வேண்டும். மூடாமல் விடுவது நீடில் வால்வு. அது மூடாததற்குக் காரணம் அழுக்கு, தேய்மானம், ஃப்ளோட், பம்பின் அழுத்தம் இவற்றில் ஒன்று.

அழுக்குதான் முதலில். திருப்புளியின் பிடியால் மூடியின் மேல் மெல்லத் தட்டுங்கள். ஒழுகல் நின்றால், வால்வின் வாயில் துரு அல்லது ரப்பர் துணுக்கு சிக்கியிருந்தது நிச்சயம். தட்டி நிறுத்தியதோடு விட்டுவிட்டால் அடுத்த துணுக்கு வரும்வரைதான் நிம்மதி. எச்2 மூடியின் பெட்ரோல் வாயில் ஸ்பிரிங்கோடு சேர்ந்த சிறு வலைவடிகட்டி ஒன்று இருக்கும். பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள், அல்லது திருப்பி மாட்டுவார்கள். ஸ்பிரிங் உள்ள முனை முதலில் உள்ளே போக வேண்டும். புது ரப்பர் குழாயை வெட்டியபோது உள்ளே விழுந்த துணுக்குகளும் இங்கேதான் வந்து சேரும். மாட்டுவதற்கு முன் குழாயை ஊதிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து தேய்மானம். நீடிலின் கூம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சுற்றிலும் ஒரு வரிப்பள்ளம் நகத்தில் தட்டினால் அது முடிந்த நீடில். நீடிலை மட்டும் மாற்றுவது வீண் வேலை. இருக்கையும் சேர்ந்தே தேய்ந்திருக்கும், ஜோடியாக மாற்ற வேண்டும். சோதிக்க எளிய வழி: மூடியைக் கழற்றி, பெட்ரோலை வடித்துத் துடைத்து, நுழைவாயில் ஒரு சுத்தமான குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள். மூடி நேராக இருக்கும்போது காற்று போகும். தலைகீழாகத் திருப்பினால் நீடிலும் கரமும் (எச்எஸ்2இல் ஃப்ளோட்டும்) தங்கள் எடையில் விழுந்து வழியை மூட வேண்டும். அப்போதும் காற்று போனால் வால்வு பிடிக்கவில்லை. நுனியில் வைட்டான் ரப்பர் உள்ள நீடில்கள் இப்போது கிடைக்கின்றன. பித்தளை நீடிலைவிட சிறு அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஒத்துவரும். நான் பித்தளைக்குத் திரும்பிப் போக மாட்டேன்.

ஃப்ளோட் மட்டம். எச்எஸ்2இல் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மூடியின் விளிம்புக்கும் ஃப்ளோட்டின் கரத்துக்கும் நடுவே 1/8 அங்குல (3.2 மி.மீ.) டிரில் பிட்டைச் செருகுங்கள். அது உரசிக்கொண்டு நுழைய வேண்டும். இடைவெளி குறைந்தால் கிண்ணத்தில் மட்டம் உயரும், வழியும். உலோகக் கரம் உள்ள ஃப்ளோட்டாக இருந்தால் கரத்தை வளைத்துத் திருத்தலாம். நீடில் மேல் அழுத்தி வளைக்கக் கூடாது, நுனி கெட்டுவிடும். முழுக்கப் பிளாஸ்டிக்கில் வந்த பிற்கால ஃப்ளோட்டில் வளைக்க எதுவும் இல்லை. அதில் வால்வு இருக்கையின் அடியில் கூடுதல் வாஷர் வைத்தால் இருக்கை இறங்கி, வால்வு முன்னதாக மூடி, மட்டம் குறையும். எச்2இல் கவை வடிவக் கரம் இருக்கும். அதன் அளவு வேறு, கையேட்டைப் பாருங்கள். கவையின் இரண்டு விரல்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கையேடு பார்க்காமலே சொல்லிவிடலாம். வளைப்பதானால் கவை, தண்டோடு சேரும் இடத்தில் மட்டும் வளையுங்கள்.

பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே தளும்பினால் ஊசி ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துவிட்டது. ஓட்டையைக் காண, வெந்நீரில் அமிழ்த்துங்கள், குமிழ் வரும். ஈயப்பற்று வைத்து அடைக்க ஆசை வரும். உள்ளே பெட்ரோல் ஆவி நிறைந்த மூடிய டப்பாவின் மேல் சூடு காட்டுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அதற்குத் தப்பித்தாலும், பற்றின் எடை ஃப்ளோட்டைக் கனக்கச் செய்து மட்டத்தை உயர்த்தும். புதிது வாங்குங்கள். எஸ்.யு. பெயரில் பாகங்களை இன்றும் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் தயாரிக்கிறார்கள். ஃப்ளோட்டுக்குத் தட்டுப்பாடு இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வழிந்தால் பம்பைப் பாருங்கள். பழைய எஸ்.யு. பம்பின் இடத்தில் யாராவது பொது உபயோக மின்சார பம்பைப் பொருத்தியிருக்கிறார்களா? எஸ்.யு. நீடில் வால்வு சுமார் 3 பிஎஸ்ஐ அழுத்தம்வரை தாங்கும். அதற்கு மேல் தள்ளும் பம்ப், நல்ல வால்வையும் பிளந்துகொண்டு பெட்ரோலை உள்ளே செலுத்தும். பம்பை மாற்றுங்கள், அல்லது அழுத்தக் கட்டுப்படுத்தி ஒன்றை இடையில் போடுங்கள்.

வெகுநேரம் வழிந்த வண்டியில் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் குச்சியை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அல்லது மட்டம் கூடியிருந்தால், பெட்ரோல் ஜெட் வழியாக ஏறி சிலிண்டருக்குள் போய் ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றாமல் ஓட்டக் கூடாது.

கீழே ஒழுகினால்: எச்2இன் கார்க்குகள்

எச் வகையில் ஜெட் என்பது மேலும் கீழும் நகரும் ஒரு பித்தளைக் குழாய். சோக்கை இழுத்தால் அது கீழே இறங்கும். நகரும் குழாயைச் சுற்றிப் பெட்ரோல் நிற்கிறது. அது வெளியே வராமல் பிடித்திருப்பவை இரண்டு சிறு கார்க் வளையங்கள், நடுவில் ஒரு ஸ்பிரிங், இரு பக்கமும் குழிந்த பித்தளை வாஷர்கள். இவை போதாதென்று, எல்லாவற்றையும் தாங்கும் பெரிய நட்டுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு பெரிய கார்க் வாஷர். பிரித்து மாட்டிய எச்2 ஒழுகினால் பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் இருப்பான்.

எது என்று அறிய பவுடர் உதவும். ஜெட் குழாயின் மேலே வழிந்து அதன் தலையில் சொட்டு நின்றால் சிறு கார்க்குகள். பெரிய நட்டின் விளிம்பைச் சுற்றி ஈரம் என்றால் பெரிய கார்க். சோக்கை இழுத்து விடும்போது மட்டும் ஒழுகினால் சிறு கார்க்குகள் தேய்ந்திருக்கின்றன, அல்லது ஜெட்டின் வெளிப்பரப்பு கீறலாகியிருக்கிறது. கீறல் விழுந்த ஜெட்டின் மேல் எத்தனை புதுக் கார்க் போட்டாலும் சில வாரங்களில் அரைத்துத் தின்றுவிடும்.

கார்க்கை உலர்ந்தபடி மாட்டுவதுதான் இங்கே நடக்கும் பொதுவான தவறு. உலர்ந்த கார்க் விளிம்பில் உதிரும், அழுத்தினால் பிளக்கும். மாட்டுவதற்கு முன் எஞ்சின் ஆயிலில் நன்றாக ஊற வையுங்கள். மென்மையாகி, விரலில் அழுத்தினால் நெகிழ வேண்டும். வாஷர்களின் குழிந்த முகம் கார்க்கைப் பார்த்திருக்க வேண்டும். கழற்றும்போதே ஒரு துணியின் மேல் வந்த வரிசையில் அடுக்கி வைத்தால், அல்லது போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், இந்தக் குழப்பமே இல்லை. கழற்றிய செம்பு வாஷர்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சிவக்கக் காய்ச்சி நீரில் போட்டால் இளகும். மறுபடி நன்றாகப் படியும். ஃபைபர் வாஷருக்கு அந்த யோகம் இல்லை, ஒருமுறைதான்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் கார்க் சுருங்கி, முதல் முறை பெட்ரோல் ஏறும்போது கொஞ்சம் கசிவது உண்டு. சிறிது நேரத்தில் ஊறிப் பருத்து நின்றுவிடும். நிற்கிறதா என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே.

ஜெட்டைக் கழற்றினால் அதை மறுபடி நடுவில் நிறுத்தியாக வேண்டும். இது ஒழுகலோடு நேரடித் தொடர்பில்லாத வேலை, ஆனால் கார்க் மாற்றிய உற்சாகத்தில் மறந்துபோகும். கார்புரேட்டரின் பிஸ்டனைத் தூக்கி விட்டால் தடங்கலின்றி விழுந்து டக் என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிஸ்டனில் தொங்கும் ஊசி ஜெட்டின் சுவரில் உரசுகிறது. பெரிய நட்டைச் சற்றுத் தளர்த்தி, ஜெட்டை மேலே தள்ளி, ஊசியே நடுவைத் தேடிக்கொள்ளும்படி விட்டு மறுபடி இறுக்குங்கள்.

கிண்ணத்தின் கையைக் கார்புரேட்டரோடு இணைக்கும் போல்டைப் பற்றி ஒரு வரி: இதன் வாஷர்கள் கல்லாக இறுகியிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது, மரைதான் போகும். மாற்றுங்கள்.

எச்எஸ்2இன் நைலான் குழாய்

எச்எஸ் வகையில் கார்க்கின் தொல்லை போயிற்று. பெட்ரோல் நைலான் குழாய் வழியாக ஜெட்டின் தலைக்குப் போகிறது. ஒழுகினால் பெரும்பாலும் குழாய் கிண்ணத்தில் சேரும் முனையில்தான். அங்கே ஒரு சிறு நட், வாஷர், ரப்பர் வளையம். குழாயின் நுனி ரப்பர் வளையத்தைத் தாண்டி குறைந்தது 3/16 அங்குலம் (4.8 மி.மீ.) நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நுனி தேய்ந்து சீராக இல்லை என்று நுனியை வெட்டிவிட்டு, நீளம் போதாமல் போனவர்கள் உண்டு. ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும். நட்டைக் கையால் முழுக்கத் திருகிவிட்டு ஸ்பேனரில் கொஞ்சம் மட்டும் இறுக்குங்கள். ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் முறுக்கினால் ரப்பர் நசுங்கிக் குழாயை நெரிக்கும்.

மறுமுனையில், ஜெட்டின் பிளாஸ்டிக் தலையில் குழாய் நுழையும் இடத்தில் ஈரம் தெரிந்தால் அதற்கு வைத்தியம் இல்லை. ஜெட்டை முழுதாக மாற்ற வேண்டும். பசை போட்டு ஒட்ட முயல வேண்டாம். குழாயில் மஞ்சள் பாரித்து, வளைத்தால் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும் அதே தீர்ப்புதான்.

எச்எஸ்2இன் கிண்ண மூடியை மூன்று ஸ்க்ரூ பிடித்திருக்கின்றன. ஒழுகுகிறது என்று மூன்றையும் மாறி மாறி இறுக்கி, மூடியையே வளைத்துவிடுவது எளிது. சந்தேகம் வந்தால் கண்ணாடித் தகட்டின் மேல் நயமான உப்புத்தாளை விரித்து மூடியைத் தேயுங்கள். பளபளப்பு எல்லாப் பக்கமும் சமமாக வராவிட்டால் வளைந்திருக்கிறது. சமமாகும்வரை தேய்த்து, நன்றாகக் கழுவிவிட்டுப் புதுக் கேஸ்கெட் போட்டால் போதும்.

பசையும் எத்தனாலும்

சிலிக்கான் பசையைக் கார்புரேட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பெட்ரோலில் ஊறி வீங்கி, பிய்ந்து, துணுக்காகி ஜெட்டை அடைக்கும். பழைய மெக்கானிக்குகள் கேஸ்கெட்டுக்கு அரக்கு பூசுவார்கள். வெறும் பெட்ரோல் காலத்தில் அது அருமையான வேலை. ஆனால் அரக்கு எத்தனாலில் கரையும். இந்தியாவில் 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுதான். இந்த வண்டிகளை வடிவமைத்த காலத்தில் யாரும் எண்ணிப் பார்க்காத எரிபொருள் அது. பழைய ரப்பர் குழாய்கள் உள்ளுக்குள் உரிந்து, வெளியே வியர்த்தாற்போல் ஈரம் காட்டும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வெகுநாள் நின்ற வண்டியின் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிவது அதனால்தான்.

கார்புரேட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குழாய்கள் பழையவையாக இருந்தால் வேலை முடியவில்லை. டாங்கிலிருந்து கிண்ணம்வரை உள்ள ரப்பர் குழாய் அத்தனையையும் மாற்றுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று பக்கவாட்டில் அச்சிட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள். அச்சு இல்லாத குழாயை மீட்டர் கணக்கில் மலிவாகத் தருவார்கள். அதை வீட்டுத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சோதனை ஓட்டம்

எல்லாம் மாட்டிய பிறகு மறுபடி பவுடர், மறுபடி வெள்ளைக் காகிதம், மறுபடி பம்பின் சத்தம். நின்ற பம்ப் வெகுநேரம் தட்டாமல் இருக்க வேண்டும். அதன் பிறகே டிஸ்ட்ரிபியூட்டர் வயரை மாட்டி எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது எஞ்சின் நடுக்கத்தில் கசிகிறதா என்று காகிதத்தைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மெல்ல உயர்த்தி இறக்குங்கள், சோக்கை இழுத்து விடுங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் எக்ஸாஸ்டைத் தாண்டித் தரையைப் பார்த்து நிற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இதைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். வழிந்தால் தரையில் விழட்டும், சூட்டின் மேல் விழக் கூடாது.

தெருவைச் சுற்றி ஒரு சிறு ஓட்டம் போய் வந்து, போனட்டைத் திறந்து, சூட்டில் ஒருமுறை, ஆறியதும் ஒருமுறை பாருங்கள். காகிதம் உலர்ந்திருந்தால் நெடுந்தூரம் போகலாம். ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போக வேண்டாம். மெக்கானிக்கை வண்டியிடம் வரச் சொல்லுங்கள்.